நவ்ஃபா கீழே வைத்த கோப்பை

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நவ்ஃபா தீர்ப்பைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் டயர் வியாபாரி அபூ தலால் வீட்டு முன்னறையில், அந்த வாரம் படித்து முடித்த புத்தகங்களோடு நாங்கள் உட்கார்ந்திருப்போம். வாசலிலிருந்தே குரல் வரும். "நானூறு பக்கம். அதுல முந்நூறு பக்கத்துக்கு அந்த ஆளு ஜன்னலயே பாத்துக்கிட்டு நிக்கிறான். கதவத் திறந்துக்கிட்டுப் போயிருக்கலாம்ல?" அதோடு அந்தப் புத்தகத்தை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணியான நவ்ஃபா, எங்கள் கரக் நகரத்தின் செங்குத்தான இறக்கங்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பள்ளி மணி அடிக்கும்வரை புத்தகத்தை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் படிப்பார். கடைசி அத்தியாயத்தில் இருந்தால், பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தும் வேன் நகராது. பின்னாலிருந்து பசிக்கிறது என்று முறையிட்டால், "இவ பொழைச்சாளா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம், பொறுங்கடா" என்பார். தாய்மார்கள் என்னிடமே புலம்பியிருக்கிறார்கள்.

அவருக்கு இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வந்தால் முதலில் உதற வேண்டும். பூசணி விதை கொறித்துக்கொண்டே படிப்பவர் என்பதால் பக்கத்துக்குப் பக்கம் தோல் கொட்டும். வாய் என்ன சொன்னாலும் தோல் பொய் சொல்லாது. சலித்த இடத்தில் குவிந்து கிடக்கும். கதை இழுத்துக்கொண்டு போன இடத்தில் கொறிக்கவே மறந்திருப்பார்.

சென்ற மாதம் அவரிடமிருந்து வந்த ஒரு நாவலை உதறினேன். ஒரு தோல்கூட விழவில்லை. எழுதியவள் எங்கள் ஊர் நர்ஸ் ஃபிர்யால். உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்களே, அந்தக் கதைதான். ஊரில் ஒருவரும் அதை முழுதாகப் படித்திருக்கவில்லை. குளிர்காலத்தில் எங்கள் வாசகர் கூட்டம் ஓர் எழுத்தாளரை அழைத்து விருந்து வைப்பது வழக்கம். சொந்த ஊர்க் கூட்டமே தன்னைக் கண்டுகொள்ளாவிட்டால் இனி எழுதப்போவதில்லை என்று அவள் நவ்ஃபாவிடம் சொல்லியிருந்தாள்.

அடுத்த வெள்ளியன்று நவ்ஃபா விருந்துக்கு அவள் பெயரைச் சொன்னதுமே அபூ தலால் தள்ளிவிட்டார். நாற்பது பக்கம் பார்த்தாராம், மருந்து வாடைதான் அடிக்கிறதாம். வீடும் அவருடையது, விருந்துக்கு அறுக்கிற ஆடும் அவருடையது என்பதால் நாங்களும் வெட்கமில்லாமல் தலையாட்டினோம். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், உம்மு ஸஃப்வான்" என்று, மகன் பெயரைச் சேர்த்து மரியாதையாக அழைத்து, நவ்ஃபாவிடம் காபியை ஊற்றி நீட்டினார்.

நவ்ஃபா கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

எங்கள் ஊரில் விருந்தாளி இப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். சரி சொல்லாமல் காபியை ஆறவிட்டால் அந்த வீட்டுக்குத்தான் தலைகுனிவு. பெண் கேட்டு வைப்பார்கள், பகை தீர்க்க வைப்பார்கள், அதுவும் ஆண்கள்தான். ஒரு நாவலுக்காக ஒரு பெண் வைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளூரக் குதூகலம் தாங்கவில்லை.

"இது சோறு இல்ல அபூ தலால், ரோடு" என்றார் நவ்ஃபா. "பாதி வழியில எறங்கிக்கிட்டு ஊரு நல்லால்லன்னு சொல்லாதீங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. அப்புறமும் வேண்டாம்னா நான் வாயத் திறக்க மாட்டேன்."

அபூ தலால் தாடியைத் தடவினார், எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் ஆவி மெலிந்துகொண்டே வந்தது.

"குடிங்க" என்றார் கடைசியில். "படிக்கிறேன்."

நவ்ஃபா ஒரே மடக்கில் குடித்தார்.

மறு வெள்ளி நவ்ஃபா வந்து வாசலில் நின்றார். தீர்ப்பு எதுவும் வரவில்லை. வேன் சாவியை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அபூ தலால் எங்களுக்கெல்லாம் ஊற்றி முடித்தார். பிறகு தமக்கும் ஒரு கோப்பை நிறைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நவ்ஃபாவின் முன்னால் குனிந்து, குடிக்காமலே அதை வாசற்படியில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வரணும், உம்மு ஸஃப்வான்" என்றார். "நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

நவ்ஃபா செருப்பைக் கழற்றவே இல்லை. "குடிங்க, ஆறிடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே சாவியைக் கைக்குள் இறுக்கி, வேனை நோக்கிப் படியிறங்கினார்.