சாய்ந்து நடந்த மிருகம்

வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்துவிட்டால் சைக்கிள் கடைக்கு மேலிருக்கும் அந்த அறை தண்ணீருக்குள் போய்விடும். மேஜையில் பரப்பி வைத்த அலுமினியச் செதில்களில் வெளிச்சம் பட்டுத் தெறித்துக் கூரையில் அலை அலையாக ஆடும். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்கூட அந்த நேரத்தில் ஏதோ பெரிய உயிர் மூச்சு விடுவதுபோலக் கேட்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் இடுக்கியை வைத்துக்கொண்டு, ஒருத்தி செதிலோடு செதிலை வளையத்தால் கோத்துக்கொண்டிருப்பாள்.

தெருவில் அவளுக்கு உடும்பு என்று பெயர். வைத்தவர் எதிர்க்கடை டெய்லர். சட்டை தைக்க அளவு பார்க்கும் பொம்மையை ஒருநாள் இரவல் வாங்கிப்போனவள் மாதக்கணக்கில் திருப்பித் தரவில்லை. "பிடிச்சா விடமாட்டா. செதிலும் அவகிட்டதான் இருக்கு. வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார். அவளுக்கும் அந்தப் பெயரில் மனத்தாங்கல் இல்லை.

அதற்கு முன்னால் அவள் கைப்பை தைக்கும் கம்பெனியில் இருந்தாள். நாள் முழுக்கப் பைக்குக் கைப்பிடி வைத்துத் தைப்பது அவள் வேலை. ஒருநாள் நாடகக் குழுவிலிருந்து ஒருவர் வந்து, "தோல்ல ஒரு வால் தைக்கணும். இங்க யாராவது தைப்பீங்களா?" என்று கேட்டார். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து, "எந்த மிருகத்தோட வாலு?" என்றாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அன்றோடு கைப்பிடி போய் வால் வந்தது. பிறகு நகம் வைத்த கையுறை, முதுகில் முள் ஓடும் மேலங்கி, கழுத்தைச் சுற்றிய செதில் பட்டை. உலகத்தில் இல்லாத மிருகங்களுக்கெல்லாம் அவள் வீட்டில் ஒவ்வொரு உறுப்பாகப் பிறந்தது.

கணவருக்குத் தெருமுனையில் மோட்டார் வைண்டிங் கடை. செம்புக் கம்பி சுற்றிப் பழகிய கை. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து வளையங்களை நெரித்து மூடித் தருவார். "ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்கு நகை போடறான். நான் பல்லிக்கு நகை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார்.

"பல்லி கேட்டா வருத்தப்படும். வாயை மூடிக்கிட்டு வளையத்தை மூடுங்க."

இப்படி வாய் ஓயாத வீட்டில் ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசப்பட்டதே இல்லை. அது அவளுடைய வலது தோள்.

சின்ன வயதில் மதில்மேலிருந்து விழுந்தாள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை இறங்கிப்போனது. நடந்தால் உடம்பு அந்தப் பக்கம் லேசாகச் சாயும். "நேரா நில்லுடி" என்று அம்மா சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பு இன்னும் தோளில் இருக்கிறது. "வலது பக்கம் கொஞ்சம் தூக்கும்மா" என்று போட்டோக்காரர்கள் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! பெரியவளானதும் ஒரு வழி கண்டுபிடித்தாள். சால்வையைத் தடிமனாக மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டால் இரண்டும் சமமாகத் தெரியும். கோடையிலும் போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கவனிக்கவில்லை என்று நம்பிக்கொண்டாள். அந்த நம்பிக்கை அவளுக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. ஆற்றிலிருந்து ஏறி வந்து ஓர் ஊரின் நடுத்தெருவில் படுத்துக்கொள்ளும் ஒரு மிருகம். அதற்குப் பெயர் கிடையாது. குழுவில் எல்லோரும் 'அது' என்றார்கள். தோளில் தொடங்கி முதுகு வழியாக வால் நுனிவரை ஒரே உடையாக வேண்டும்.

இந்த வேலையில் அடித்தோல்தான் எல்லாம். தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெத்தென்று ஆனதும் பொம்மைமேல் போர்த்தி, அமுக்கி அமுக்கி உருவம் கொடுத்துக் காயவிட வேண்டும். எந்த உடம்பின்மேல் காய்கிறதோ அந்த உடம்பாகவே அது நின்றுவிடும். செதில் வரிசைகளை அதன் பிறகுதான் வாலிலிருந்து மேல்நோக்கி, கூரைக்கு ஓடு வேய்வதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும்.

தோலை ஊறப்போட்ட அன்று பார்த்து டெய்லர் படியேறி வந்தார். "உடும்பு, கடைக்குக் கண்ணாடி வாசல் வச்சிருக்கேன். உள்ள நிக்க ஆளில்லை. என் பொம்மையைக் குடு."

"நாளைக்குத் தரேன் அண்ணே."

"போன வருஷமும் நாளைக்குன்னுதான் சொன்னே" என்று பொம்மையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஊறிய தோல் காத்திருக்காது. கதவைத் தாழ்போட்டாள். சால்வையை எடுத்துவிட்டு ஈரத்தோலைத் தன்மேலேயே போர்த்திக்கொண்டாள். முதலில் சில்லென்று உடம்பு கூசியது. பிறகு உடம்புச் சூட்டில் தோலும் சூடாகிவிட்டது. எது தன் தோல், எது அதன் தோல் என்று தெரியவில்லை. அசையக்கூடாது. ஜன்னலுக்கு வெயில் வந்தது. கூரையில் அலைகள் தொடங்கின. அவள் கண் சொருகியது.

ஆற்றுக்கு அடியில் அவள் நடந்துகொண்டிருந்தாள். கால் தரையில் படவில்லை. பின்னால் ஏதோ நீளமாக, கனமாக, சுகமாக இழுபட்டு வந்தது. மேலே தண்ணீருக்கு வெளியே யார் யாரோ ஏதோ சொன்னார்கள். நேராக நில் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே நேர் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

விழித்தபோது தோல் விறைத்து, அவள் வடிவத்தில் காய்ந்திருந்தது. கழற்றி மேஜைமேல் வைத்தாள். அந்தக் கனவின் மயக்கத்திலேயே செதில் வேலை முழுவதையும் முடித்துக் கொடுத்துவிட்டாள். அப்படி ஒரு மயக்கம் இல்லாமல் இருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

பட்டது ஒத்திகையில்தான். குழுவில் மிருகமாக நடிக்கிற தம்பி ஒல்லியான, துறுதுறுப்பான ஆள். உடையைப் போட்டுக்கொண்டு மேடையில் பத்தடி நடந்தான். நாடக வாத்தியார் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏம்ப்பா, ஏன் வலது பக்கம் சாயறே?"

"நான் எங்க சார் சாயறேன்? அதுவா சாயுது. மாட்டினாலே உடம்பு அந்தப் பக்கம் போகுது."

"சரி, நல்லாத்தான் இருக்கு. அப்படியே நட."

ஓரத்தில் நின்றிருந்த அவள் சால்வையை வலது தோளில் இறுக்கி இழுத்துவிட்டுக்கொண்டாள். மேடையில் போவது தன் தோள். சால்வை இல்லாத தோள். நாடகத்தன்று அரங்கம் முழுக்க உட்கார்ந்து அதைப் பார்க்கப்போகிறது. பக்கத்தில் கணவரும் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷம் மடித்து மடித்து மூடியதை, அவள் கையாலேயே செய்து, விளக்குப் போட்டுக் காட்டப்போகிறாள்.

அன்றிலிருந்து தம்பி எங்கே போனாலும் அந்த நடைதான். உடை இல்லாமலும் சாய்ந்தே நடந்தான். டீக்கடைக்குக்கூட அப்படியே போனான். "பழகிக்கிறேன்க்கா" என்று பல்லைக் காட்டினான். அவள் முகம் சுண்டிப்போனதை அவன் கவனிக்கவில்லை.

கடைசி ஒத்திகை முடிந்ததும், "ஒரு வளையம் தளர்ந்திருக்கு" என்று சொல்லி உடையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டெய்லரிடம் போனாள். கெஞ்சியதில் பாதியும் மிரட்டியதில் பாதியுமாகப் பொம்மை கிடைத்தது. வலது பக்கத்துச் செதில்களைக் கழற்றினாள். தோளை மறுபடி நனைத்தாள். பொம்மையின் நேரான தோளில் வைத்து அமுக்கிக் கட்டி, மின்விசிறியைத் திருப்பிவிட்டாள்.

கணவர் வந்து பார்த்தார். "எதுக்கு இதைப் பிரிச்சே? நல்லாத்தானே இருந்துச்சு?"

"கோணலா இருந்துச்சு."

அவர் உட்கார்ந்து, வளையங்களை மறுபடி ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். அன்றைக்குப் பல்லிக் கிண்டல்கூட இல்லை.

நாடகத்தன்று உடை இரண்டு பக்கமும் சமமாக, கடையில் வாங்கியதுபோல இருந்தது. மாட்டிவிடும்போது தம்பி தோளைக் குலுக்கி, "என்னக்கா, புதுசா இருக்கு?" என்றான். "நல்லா காஞ்சிருக்கு" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் உள்ளே போக, அவள் வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனசு லேசாக இருந்தது.

விளக்குகள் அணைந்தன. நீல வெளிச்சம் ஒன்று மட்டும் மெல்ல வந்தது. ஆற்றிலிருந்து அது ஏறியது.

சாய்ந்துதான் ஏறியது.

உடை நேராகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த உடம்பு இத்தனை நாளில் வேறு நடையை மறந்திருந்தது. வலது தோளை இறக்கி, இடது காலை ஊன்றி, பின்னால் கனமாக எதையோ இழுத்துக்கொண்டு அவசரமில்லாமல் வந்தது. தோளுக்கும் தோலுக்கும் ஒத்துப்போகாததால் அடிக்கு அடி செதில்கள் மெல்ல உரசின. தண்ணீர் கரையைத் தொடுவதுபோன்ற அந்தச் சத்தத்தில் அரங்கம் மூச்சுவிடவில்லை. அது அவளுடைய அறைக்குள் நடப்பதுபோல அவளுக்குத் தெரிந்தது. தன் நடையைத் தானே வெளியிலிருந்து பார்க்க யாருக்கு வாய்க்கும்? இவ்வளவு நிதானமாகவா நான் நடக்கிறேன்?

கணவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏய், நீ! நீதான் அது! அப்படியே உன் நடை!" சொல்லும்போது அவர் குரலில் திருவிழாவில் தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷம். பெண் பார்க்க வந்த அன்று அவள் தன் வீட்டுத் தெருவில் வந்ததை அங்கே ஒரு கடை வாசலில் நின்று பார்த்ததாகவும், இப்படித்தான் வந்தாள் என்றும், முன்வரிசை திரும்பி அதட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கவனிக்காத மனுஷன் இல்லை என்பது அவளுக்குள் ஈரத்தோல்போலச் சில்லென்று படிந்து, மெல்லச் சூடானது.

நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் போனாள். தம்பி உடையோடு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதும் சாய்ந்தே நின்றான்.

"முடிஞ்சுடுச்சு தம்பி. நிமிர்ந்து நில்லுங்க."

"நிமிர மாட்டேங்குதுக்கா. உடை வேற இன்னிக்கு வலது பக்கம் கடிச்சு எடுத்துடுச்சு" என்று உடையை விலக்கித் தோளைத் தேய்த்தான். அங்கே சிவந்து கன்றியிருந்தது.

அவள் அந்தத் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொக்கிகளைக் கழற்றி, உடையை வாங்கி மடித்தாள். கன்றிய இடத்தில் ஒத்தடம் கொடுக்க, தன் சால்வையை எடுத்து நனைத்துப் பிழிந்து அவனிடம் நீட்டினாள்.

"அடுத்த ஆட்டத்துக்குள்ள மறுபடி பழைய மாதிரி ஆக்கித் தரேன். அளவு என்கிட்டதான் இருக்கு."

வாசலில் நின்ற கணவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "மறுபடியுமா? எத்தனை தடவை மூடறது அந்த வளையத்தை?"

"இந்தத் தடவைதான் கடைசி. வாங்க" என்று சொல்லிவிட்டு, மிருகத்தை இடது தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவர் அவசரப்படாமல் பின்னால் வந்தார்.