பட்டன் அமுக்கிய அன்று காணாமல் போன கைப்பிடி

சீஃப் இன்ஜினியர் வாயைத் திறக்கும் முன் "சீ" என்று ஒரு சத்தம் வரும். டெண்டரைப் படித்தால் சீ, சிமெண்ட் மூட்டையைத் தட்டிப் பார்த்தால் சீ, அமைச்சர் பேசினால் மட்டும் மரியாதைக்காக வாய்க்குள்ளேயே சீ. சாதாரண இன்ஜினியராக இருந்தபோதே அலுவலகத்தில் அவருக்கு 'சீச்சீ' என்றுதான் பெயர். பதவி உயர்வு வந்த அன்று, "இப்பதான் பேருக்கேத்த பதவி கெடச்சிருக்கு" என்றார் அலுவலகத்தில் வரைபடம் போடும் ஊழியர்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய வாய்க்கால் என்பது காகிதத்தில் ஒரு நேர்கோடு. அவரே அளவுகோல் வைத்துப் போட்டது. கோடு போன வழியில் ஒரு பெரிய மனிதரின் பழத்தோட்டம் இருந்தது. தோட்டம் நகருமா? கோடுதான் நகர்ந்தது. தோட்டத்தைச் சுற்றிப் பவ்யமாக வளைந்து, ஒரு பள்ளத்தின் தலைக்கு மேல் போய் நின்றது. இனி பள்ளத்தில் மண்ணைக் கொட்டி, ஆளுயரத்துக்கு மேல் கரை எழுப்பினால்தான் தண்ணீர் அந்தப் பக்கம் போகும். பள்ளத்திலோ, வாய்க்கால் வெட்ட வந்த கூலிக்காரர்கள் குடிசை போட்டிருந்தார்கள். வாய்க்கால் முடிவதற்குள் அவர்கள் பேரன் பேத்தி எடுத்து, அது ஒரு தெருவாகவே ஆகிவிட்டது.

கரை போடும் வேலை யாருக்குப் போனது தெரியுமா? சீஃப் இன்ஜினியர் மனைவியின் தம்பிக்கு. டெண்டரை முடிவு செய்தவர் துறைச் செயலாளர். இவருக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கிய பிறகுதான் அடுத்த அடுக்கு போட வேண்டும். மச்சான் அப்படியெல்லாம் மெனக்கெடவில்லை. லாரி லாரியாகக் கொட்டினான். உச்சியில் மட்டும் ரோலரை ஓட்டிப் புல் பதித்தான். முகத்துக்குப் பவுடர் போட்டால் வயிற்றுவலி போய்விடும் என்று நம்புகிற ஜாதி.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு சீஃப் இன்ஜினியர் கரையில் ஒரு கம்பியைச் செருகினார். சேற்றில் இறங்குவது போல அது பாட்டுக்கு இறங்கியது.

"சீ! இது கரையா மாப்ளே, மெத்தையா?"

"தண்ணி பட்டா தானா இறுகிக்கும் மாமா."

"தண்ணி பட்டா கரையும்டா! அதான் கரைன்னு பேர் வச்சியா?"

செயலாளரிடம் ஓடினார். செயலாளர் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். "தேதி குறிச்சாச்சு சார். அமைச்சர் கையால சும்மா ஒரு முழம் தண்ணி விடுவோம். அப்புறம் மூடிக்கலாம்."

"ஒரு முழம் போதும் சார், அந்த வளைவு பிச்சுக்கிட்டுப் போக. கீழ ஒரு தெருவே இருக்கு."

செயலாளர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அவங்க எல்லாரையும் விழாவுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. அப்ப வீட்ல ஆள் இருக்க மாட்டாங்கல்ல?"

சீஃப் இன்ஜினியர் 'சீ' என்று எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பாட்டு. "என் தம்பி நாலு காசு பார்த்தா உங்க கண்ணுக்குப் பொறுக்காதே!" என்றாள் மனைவி, தட்டைத் 'தொம்' என்று வைத்தபடி.

விழாவும் வந்தது. வாய்க்கால் தொடங்கும் அணையருகே போட்ட மேடையில் பளபளவென்று ஒரு பட்டன். அதிலிருந்து புறப்பட்ட கம்பி மேடைக்கு அடியில் போய், ஒரு மேசைக் காலில் கட்டப்பட்டிருந்தது. இந்தத் துறையில் காலங்காலமாக நடக்கிற வித்தை இது. அமைச்சர் பட்டனை அமுக்குவார், பேண்ட் முழங்கும்; படுதாவுக்குப் பின்னால் நிற்கும் மதகு ஆள் கைப்பிடியைச் சுற்றுவான். மதகு திறக்கும், விஞ்ஞானம் வென்றதென்று ஊர் கைதட்டும்.

அமைச்சர் விரலை நீட்டும் நேரத்தில் சீஃப் இன்ஜினியர் படுதாவுக்குள் நுழைந்தார். "அதைக் கொடு."

"சார், என் வேலை போயிடும் சார்!"

"நான் பிடுங்கினேன்னு சொல்லு." பிடுங்கினார். வீசினார். அணைத் தண்ணீரில் கைப்பிடி 'தொப்'.

பட்டன் அமுங்கியது. பேண்ட் முழங்கியது. தண்ணீர் வரவில்லை. அமைச்சர் மறுபடி அமுக்கினார். கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்த்தார். மச்சானுக்குத்தான் மூளை வேலை செய்தது. புழுதி அடக்க நின்றிருந்த தண்ணீர் லாரிக்காரனுக்குக் கண் காட்டினான். லாரி ரிவர்ஸில் வந்து வாய்க்காலில் கொட்டியது. "வந்துட்டுது! வந்துட்டுது!" என்று முதலில் கத்தியது பள்ளத்துத் தெரு சனங்கள்தான்.

மறுநாள் பத்திரிகையில் வாய்க்கால் நிரம்பி வழிந்தது.

சீஃப் இன்ஜினியர் மேல் விசாரணை. என்ன குற்றம் சாட்டுவது? தண்ணீர் வராமல் தடுத்தார் என்றால், தண்ணீர் வரவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில், அரசுச் சொத்தான இரும்புக் கைப்பிடி ஒன்றைத் தொலைத்தார் என்று தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்கள்.

புதுக் கைப்பிடி செய்து வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. ஒரே மழை. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் ஓடாமலேயே வளைவு சரிந்து பள்ளத்தில் உட்கார்ந்தது. எலி வளைதான் காரணம் என்று செயலாளர் அறிக்கை விட்டார். எலிகள் மறுப்புத் தெரிவிக்கவில்லை. கரையைத் திரும்பக் கட்டும் வேலை யாருக்கு? அதே மச்சானுக்கு. அவனுக்குத்தான் அந்த இடம் பழக்கமாம்!

சீஃப் இன்ஜினியர் அதைக் கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் அந்தத் தெருக்காரி. முழங்கால் வரை மண்ணோடு வந்து நின்றாள். "பின்பக்கச் சுவர் மண்ணுக்குள்ள போயிடுச்சும்மா. விழா அன்னிக்கு நான் வீட்லதான் கெடந்தேன், நெஜமாவே தண்ணி விட்டிருந்தாங்கன்னா, இன்னிக்கு உங்களுக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் இல்ல."

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"டேய், இந்தத் தடவையாவது அடுக்கடுக்கா இறுக்கிப் போடு. இல்லேன்னா நான் பாயைத் தூக்கிட்டு வந்து கரை மேலயே படுத்துக்குவேன். அக்கான்னு பார்க்காம என்னையும் சேர்த்து மூடிட்டுப் போ!"

மச்சான் ஆடிப்போனான். ரோலர் மூன்று வாரம் ஓய்வில்லாமல் ஓடியது. அளவுகோல், அறிக்கை, எச்சரிக்கை, இத்தனை வருஷப் படிப்பு எதுவும் அசைக்காத ரோலரை அக்காவின் ஒரு அதட்டல் ஓட்டியது.

வேலை முடிந்ததும் சீஃப் இன்ஜினியர் போய்க் கரை மேல் நின்று குதித்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. கீழே தெருவில் யாரோ புதிதாகச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இனி எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அந்தச் சுவருக்கு ஆபத்தில்லை.

இவ்வளவு சுலபமாக முடிகிற வேலையா இது என்று நினைத்தபோதுதான் அவர் வாயிலிருந்து இதுவரை வந்ததிலேயே பெரிய 'சீ' வந்தது.