குவைத்துக்குச் சொல்லிக்கொடுத்த நிழல் மணிக்கூடு

பிள்ளைகளே, மணலில் ஒரு கம்பை நேராக நட்டால் அது மணி சொல்லும். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்த அன்றே, வாப்பா தறியிலிருந்து கழித்துப் போட்டிருந்த ஒரு கம்பை எங்கள் மருதமுனை வீட்டு முற்றத்து வளவில் நட்டேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, மணிக்கொரு சிப்பியை நிழலின் நுனியில் வைத்தேன். காலையில் நிழல் மேற்கே வயல் பக்கம் நீண்டு கிடக்கும். நண்பகல் லுஹருக்குக் கிட்டக் குறுகிக் கம்பின் காலடிக்கு வந்துவிடும். பிறகு கிழக்கே கடல் பக்கம் திரும்பி நீளும். மறுநாள் சிப்பியைப் பார்த்தே, பின்னேர அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையை உம்மாவிடம் சொல்ல வேண்டும். உம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய் இரண்டு நோன்பு மாதம் கழிந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவின் போனுக்கு எடுப்பார்.

"உம்மா, நீங்களும் அங்க ஒரு கம்பு நடுங்க. நாம ரெண்டு பேரும் நிழலப் பார்த்து மணி சொல்லுவம்."

"ஓம் மகன், நடுறன். இங்க வெயிலுக்கா பஞ்சம்."

அடுத்த வெள்ளி கேட்டேன். நட்டாயிற்றாம். அங்கே சிப்பி கிடைக்காதாம், பேரீச்சங்கொட்டை வைத்திருக்கிறாராம். பேரீச்சங்கொட்டை மணிக்கூடு பற்றி வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பின்னொரு நாள், "அசருக்கு நிழல் எந்தப் பக்கம் விழுது உம்மா?" என்று கேட்டேன்.

"சூரியன் போற பக்கந்தான் மகன்."

"பிழை உம்மா. சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் விழும்."

"அப்பிடியா? நான் சரியாப் பார்க்கல்ல போல" என்றார்.

பக்கத்தில் நின்ற சாச்சி, உம்மாவின் தங்கை, விழுந்து விழுந்து சிரித்தா. "ராத்தாக்குக் குவைத்துக்குப் போய்க் கிழக்கும் மேற்கும் மாறிப் போச்சு." நானும் சிரித்தேன். வாப்பா சிரிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு தறிக்குப் பின்னால் போனார். "வளவுக்காவது இறங்க விடுறாங்களா?" என்று மெல்லக் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. அன்று பொழுதுபடும் மஃரிப் வரை தறிச் சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு வாப்பா யார் யாரையோ பார்க்க அலைந்தார். பெருநாளுக்கு முன் உம்மா வந்து சேர்ந்தார். பார்க்க வந்த பெண்கள், "என்ன வெள்ளை நிறம் புள்ள! குவைத்து நல்லா ஒத்துப் போச்சு" என்றார்கள்.

நான் உம்மாவின் கையைப் பிடித்து வளவுக்கு இழுத்துப் போனேன். வெயிலில் கால் வைத்ததும் கண் கூசி, கையை நெற்றியில் வைத்தார்.

"உங்கட கொட்டையெல்லாம் எங்க உம்மா?"

"எடுத்து வைக்க மறந்திட்டன் மகன்."

கம்பின் அருகே மணலில் உட்கார்ந்தார். நிழல் ஒரு சிப்பியை விட்டு அடுத்த சிப்பிக்குப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையை நீட்டி நிழலைக் கையில் விழ விட்டார்.

"ராத்தா, வெயில்ல கறுத்துப் போவீங்க, உள்ளுக்கு வாங்க" என்று சாச்சி கூப்பிட்டா.

"கறுக்கட்டும்" என்றார் உம்மா.

உம்மாவுக்கு இன்னும் மணி பார்க்கத் தெரியவில்லை, அதுதான் இப்படி உற்றுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு சிப்பியாகத் தொட்டுக் காட்டி, முதலிலிருந்து படிப்பிக்கத் தொடங்கினேன்.