விராலோடு திரும்பி வந்த கேமரா

போன வருஷம் சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை காலை. சாக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக் கண்மாயில மீன்பிடித் திருவிழா. செக்காலையில தையல் கடை வச்சிருக்கிற நானும் போனேன், மீன் பிடிக்க இல்ல, படம் பிடிக்க. என் கொழுந்தனோட ஆக்‌ஷன் கேமராவைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டுப் போயிருந்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு, தண்ணிக்குள்ளயும் படம் எடுக்கும். அவன் பைக்லயே இமயமலைக்குப் போன வீடியோ மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. "வேற எங்கயும் ஏத்தி வைக்கல மதினி, பத்திரம்"னு பத்து தடவை சொல்லித்தான் குடுத்தான்.

ஊர்ப் பெரியவர் துண்டை வீசினதும் சனம் திமுதிமுன்னு கண்மாய்க்குள்ள இறங்குச்சு. நானும் கேமராவைத் தலையில பட்டை போட்டு மாட்டிக்கிட்டு இறங்கினேன். பக்கத்துல ஒரு அண்ணன் ஊத்தாவைச் சேத்துல குத்திக் குத்தி மீன் பிடிச்சுக்கிட்டிருந்தார். ஊத்தான்னா அடியில்லாத மூங்கில் கூடை. மேல இருக்கிற வாய் வழியா கையை விட்டு மீனைத் துழாவி எடுக்கணும். கூட்டம் நெருக்குனதுல அவர் என் மேல இடிக்க, நான் தொபுக்கடீர்னு விழுந்தேன். எந்திரிச்சுத் தலையைத் தொட்டுப் பார்த்தா கேமராவைக் காணோம்.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இவர் வேணும்னே இடிச்சு எடுத்துட்டார்னு நானா முடிவு கட்டி, அத்தனை பேருக்கு முன்னாடி பையைக் காட்டச் சொல்லிட்டேன். அவர் கரையோரம் போய்ச் சாக்குப் பையைத் தலைகீழாக் கவுத்துனார். கெண்டையெல்லாம் துள்ளித் துள்ளித் தண்ணிக்கே போயிருச்சு. ஒரே ஒரு விராலை மட்டும் அவர் சம்சாரம் பாஞ்சு அமுக்கினாக. கேமரா இல்ல. ஒரு மன்னிப்புகூடக் கேக்காம நான் தேடப் போயிட்டேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு மைக்ல கூப்பிட்டாக. ஓடிப் போனா, ஒரு பாலித்தீன் பையில கேமரா, கூடவே ஒரு விரால். யாரோ ஒரு அம்மா குடுத்துட்டுப் போனாகன்னார் மைக்செட்டுக்காரர். இந்தக் கண்மாய்ல இருந்து யாரும் வெறுங்கையோட போகக் கூடாதுங்கிறது ஊர் வழக்கமாம். அப்படி யாரோ குடுத்ததுன்னு நினைச்சு, வீட்டுக்கு வந்து குழம்பு வச்சேன். நானும் கொழுந்தனும் ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டோம்.

சாயங்காலம் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். விழுந்த பிறகும் அது ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. ரொம்ப நேரம் ஒரே சேத்துத் தண்ணி. திடீர்னு சுத்தி மூங்கில் குச்சியா வந்து இறங்குச்சு. ஒரு கை துழாவுச்சு. வெளிச்சம் வந்து, தண்ணி சொட்டச் சொட்ட ஒரு முகம் தெரிஞ்சது. அதே அண்ணன், பக்கத்துல அவர் சம்சாரம்.

"இங்கதான் கிடக்கும்னு சொன்னேன்ல, இந்தா, மைக்செட்ல குடுத்துரு."

"உங்களைக் களவாணின்னாளே, அவளுக்கா குடுக்கச் சொல்றீக?"

"பதட்டத்துல சொல்லிருச்சு, விடு. அது கையில ஒரு மீனும் இல்ல. இந்த விராலையும் சேத்துக் குடு."

அவுகளுக்கு மிச்சமிருந்ததே அது ஒண்ணுதான். அதைத்தான் நான் முள்ளுகூட விடாம சப்பிச் சாப்பிட்டிருக்கேன். வெக்கத்துல அழுகையே வந்துருச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த ஊருக்குப் போய், டீக்கடையில வீடியோவைக் காட்டி விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சேன். மன்னிச்சுக்கங்க அண்ணேன்னு ஆரம்பிக்கும்போதே அவர் கேட்டார்: "மீனு ருசியா இருந்துச்சா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக்கா கடைசி வரைக்கும் சிரிக்கல, ஆனா டீ போட்டுக் குடுத்தாக.

இப்பல்லாம் கடையில கத்தரிக்கோலைக் காணோம்னாக்கூட, பக்கத்துல நிக்கிற ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு என் காலடியைத்தான் பார்க்கிறேன்; அந்த விரால் ருசி இன்னும் என் நாக்குல நிக்குது.