இடது கன்னத்துத் தடிப்பு

‘நம்ம நர்சம்மா போயிட்டாங்க டாக்டரம்மா’ என்று கோட்டைக்குப்பத்திலிருந்து தேவி போனில் சொன்னபோது, என் முன்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் அழுதேன். பத்மாக்காவும் அந்த வரிசையைத்தான் விரும்பியிருப்பார்.

எங்கள் சுகாதார நிலையத்தின் கிராமச் செவிலியர் அவர். கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிறந்த குழந்தையைத் திருப்பிப் பார்த்து, இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு இருந்தால் அன்றே அட்டையில் எழுதிவிடுவார். ‘அடிபட்டது இல்ல, பொறவியிலயே இருக்குது. வளர வளர மங்கிடும். நாளைக்கி எவனும் பெத்தவள கேள்வி கேக்கக் கூடாது’ என்பார்.

தேவியின் மகளுக்கு மூன்றாம் மாதம் இடது கன்னம் மட்டும் சிவந்து தடித்தது. வேர்க்குரு என்று களிம்பு கொடுத்தேன். தணிந்து, மறுபடி வந்தது. தாய்ப்பால் வழியாக வரும் ஒவ்வாமை என்று முடிவுகட்டி, மீனும் இறாலும் கூடாது என்றேன். மீன்பிடிக்கிற வீட்டில் போய் அப்படிச் சொன்ன மேதை நான். தேவி ரசஞ்சோறு தின்றே இளைத்தாள், பால் குறைந்தது. மாமியார் புட்டிப்பால் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

பத்மாக்கா அந்த வீட்டுக்குப் போனார். கடலிலிருந்து அப்போதுதான் திரும்பிய தேவியின் கணவனிடம், ‘உன் பொண்ண தூக்கு, பாப்போம்’ என்றார். அவன் வலை சுமந்து வந்த அதே தோளில், அதே துண்டின்மேல், குழந்தையின் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான்.

‘வலையில, தொட்டா தடிக்கிற அந்த சொறிமீன் ஒட்டிக்கினு வருது. காஞ்சாலும் அதோட வெசம் போவாது. அந்தத் துண்ட பிள்ளகிட்ட கொண்டாராத. குளிச்சிட்டு, வேற சட்ட போட்டுக்கினு தூக்குப்பா. தேவி, நீ மீன் தின்னு. காய்ச்சலோ கொப்புளமோ வந்தா மட்டும் ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியா.’

ஒரு வாரத்தில் கன்னம் தெளிந்தது. நன்றி சொல்ல வந்த தேவியிடம், ‘டாக்டரம்மாவும் நானும் பேசித்தான் கண்டுபுடிச்சோம்’ என்றார். நாங்கள் பேசவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு தனியாக மன்னிப்புக் கேட்டேன். ‘இன்னா டாக்டர், நாளைக்கி தேவி உங்கள நம்பித்தான வரணும்’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இன்று தடிப்போடு குழந்தை வந்தால், மருந்துச்சீட்டைத் தொடுமுன், ‘வீட்டுல யார் தூக்குவீங்க? தூக்கிக் காட்டுங்க’ என்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. அவர் கொடுத்ததில் நான் வைத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது, கண்டுபிடித்த பெருமையில் அந்தப் பாதி. தேவி, உன் தட்டிலிருந்து மீனை எடுத்தது நான். திருப்பி வைத்தவர் பத்மாக்கா மட்டும்தான்.