குட்டையில் கரைத்த முளைப்பாரி

வேலப்பன் பார்த்த வேலையைச் சொன்னால் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் சிரிப்பார்கள். சருகு அள்ளுவது. தோட்டத்து ஓடையை மறித்துக் கட்டிய குட்டையிலிருந்து தண்ணீர் பெரிய குழாயில் இறங்கி, கீழே தேயிலை ஆலையில் டர்பைனைச் சுற்றும். அந்தக் கரண்டில்தான் கொழுந்து அரைபடும், காயும். குழாய் வாயில் இருந்த கம்பிச் சல்லடையை இலைதழை அடைக்காமல் பன்னிரண்டு வருஷம் காத்தவர் அவர்.

மகா பிடிவாதக்காரர். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கும் விளக்கு வேண்டுமென்று துரையின் ஆபீஸ் வாசலில் போய்ப் போய் நின்றார். 1974இல் துரை இறங்கி வந்தார். சாயங்காலம் மூன்று மணி நேரம் வெளிச்சம். ஆனால் ஒரு நாள் ஆலை நின்றாலும் அதற்குப் பிறகு அது கிடையாது. முதல் பல்பு எரிந்த அன்று அவர் மனைவி ருக்குமணி சோற்றை அடுப்பில் விட்டுவிட்டுச் சுவர்க் கரியைத் தேய்க்க உட்கார்ந்தாள். அத்தனை கரி இருப்பதே அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

விளக்கு வந்த மூன்றாம் வருஷ மாரியம்மன் திருவிழாவில் மழை கொட்டித் தீர்த்தது. முளைப்பாரியை எப்போதும் ஆலைக்குக் கீழே, ஓடை அகலும் இடத்தில்தான் கரைப்பார்கள். அங்கே போகும் பாதை சேறாகிக் கிடந்தது.

"குட்டையிலயே கரைச்சிடலாம்லா, எல்லாம் ஒரே தண்ணிதான," என்றாள் ருக்குமணி. பாரி சுமந்து வந்த மற்ற ஐந்து பெண்களும் சரியென்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் முளையும் வேரும் வைக்கோலும் சல்லடையில் போய் அப்பிக்கொண்டன. இரும்பு வாரியால் இழுத்திருக்கலாம். அம்மன் பாரியை இரும்பால் குத்த வேலப்பனுக்கு மனசு வரவில்லை. கையால் எடுக்கத் தண்ணீரில் இறங்கினார்.

"அண்ணே, குழாய் கேட்ட மூடவா?" என்று கேட்டான் ஆலையிலிருந்து ஓடிவந்த சிங்காரம்.

"மூடுனா ஆலை நின்னுரும்டா. லயத்துக்கு லைட் போயிரும். ரெண்டு நிமிஷம் இரு."

அடைப்பு விலகியதும் தண்ணீர் அவரை இழுத்துக் கம்பியோடு அழுத்தியது. சிங்காரம் கேட்டை மூடி அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ஆலையும் நின்றது, லயத்து விளக்கும் போனது.

ருக்குமணி மூன்றாம் நாளே தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சாம்பசிவத்திடம் போனாள். "பாரிய அங்க கரைக்கச் சொன்னது நாந்தாங்கய்யா. அவரு மேல தப்பில்ல."

"வாய மூடு ருக்குமணி. துரை காதுல விழுந்தா திருவிழாவயே நிப்பாட்டிருவாரு. அவன் கவனக்குறைவா எறங்கிட்டான்னு எழுதியாச்சு. அப்படியே இருக்கட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். திருவிழாவில் பாரி சுமந்த ஆறு பேரில் ஒருத்தியான அம்மாக்கண்ணு, நாலு பேர் கேட்கப் பெருமூச்சு விட்டாள். "கேட்ட மூடிட்டு எறங்கியிருக்கலாம் மனுசன். இப்ப நம்ம எல்லாருமே இருட்டுல கெடக்கோம்."

ருக்குமணி அவள் முகத்தையே பார்த்தாள். அம்மாக்கண்ணு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமாக்கா," என்றாள் ருக்குமணி. "அவருக்கு எப்பவுமே அவசர புத்தி."