டிவி என்னுது, டெக் அவனுது

வீடியோ டெக் வாடகைக்கு விடுகிறவனுக்கு முதலில் போவது முதுகு, அடுத்தது தொண்டை, கடைசியில் சொந்தக்காரர்கள். கூட்டுத் தொழில் செய்து அவதிப்பட்டவர்கள் யாராக இருந்தாலும் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் இது புரியும்.

என் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கம். நான் ஊர்த்தெரு. என் கூட்டாளி கொளஞ்சி அதே ஊரின் காலனி. நடுவில் ஒரு ஏரி வாய்க்கால். அதைத் தாண்டி காலனிக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வேலைக்கு வரலாம், விருந்துக்கு வரக்கூடாது. கலர் டிவி என்னுடையது. டெக் அவனுடையது, பம்பாயில் இருந்த அவன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று படம் காட்டாது என்பதால் ஒன்று சேர்ந்தோம். நான் மணி பார்த்துக் கிளம்புகிறவன், டிவியைக் கம்பளியில் சுற்றி அதன்மேல் இன்னொரு போர்வை சுற்றுகிறவன். அவன் டெக் ஓடவில்லை என்றால் அதன் தலையில் ஒரு குத்து விடுகிறவன்.

அது எங்கள் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டுப் போராடிய காலம். ரோட்டை மறிக்க மரங்களை வெட்டிப் போட்டார்கள், பஸ் நின்றது, ஊருக்கும் காலனிக்கும் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றது. அந்தச் சமயத்தில்தான் நானும் அவனும் ஒரே மொபெட்டில் சுற்றினோம். "தனியா ஒரு டெக் வாங்கிக்க, அவன உடு" என்று என் பெரியப்பா பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஜோடி உடைந்தால் பிழைப்பு போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் பயத்தைவிட வீம்பு ஜாஸ்தி. எங்களுக்குள் சண்டை வந்து உடையட்டும், அடுத்தவன் சொல்லி உடையக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்

விசேஷ வீடுகளில் இரண்டு தமிழ்ப்படம் கேட்பார்கள். இளவட்டங்கள் கூடவே ஒரு இங்கிலீஷ் சண்டைப்படமும் கேட்பார்கள். எங்களிடம் இருந்த கேசட்டில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் சட்டை கசங்காதவர், சட்டம் பேசுகிறவர். இன்னொருவன் சட்டைப் பொத்தானே போடாதவன், சுட்டுவிட்டு அப்புறம் விசாரிக்கிறவன். இருவரையும் ஒரே காரில் ஏற்றி அனுப்பிவிடுவார் மேலதிகாரி. அவ்வளவுதான் கதை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக்கில் யாராவது விளக்கம் சொல்ல வேண்டும். பி.ஏ. இரண்டாம் வருஷம் வரை படித்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னுடையது.

ரிஷிவந்தியத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. ஊர்வழியில் இருட்டில் கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் கெடுபிடி இருந்ததால் எல்லா ஷோவும் பகலில்தான், ஜன்னலில் சாக்கு கட்டி இருட்டு பண்ணிக்கொள்வோம். "தாங்கள் விதிமுறையை மீறிவிட்டீர்கள் என்று இவர் அவரிடம் கூறுகிறார்" என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிக்கொண்டு போனேன். முன்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். கொளஞ்சிக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. பொறுத்துப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடுங்கினான். "இன்னாடா மொறைக்கற? என் வண்டிய எடுத்தும்போயி பெட்ரோல் ஊத்தாம வெச்சவன்தான நீ?" என்று அந்தப் பொத்தான் போடாதவனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நீ கொஞ்ச நேரம் தண்ணி குடிச்சிகினு உக்காரு தம்பி, அவரு சொல்லட்டும்."

எரிகிற கார்

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு போலீஸ். சட்டை கசங்காதவருக்கு ஏட்டு கந்தசாமி என்று பெயர் வைத்தோம், அவர் குரல் என்னுடையது. பொத்தான் போடாதவன் பாவாடை. பாவாடையாகப் பேசுவது கொளஞ்சி. மைக் ஒன்றுதான் இருந்தது, மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டோம்.

திருக்கோவிலூரில் ஒரு கல்யாணம். அன்று நான் டிவியோடு கல்யாண வீட்டு வேனில் முன்னாலேயே போய்விட்டேன், மொபெட் அவனிடம் இருந்தது. ஒன்பது மணிக்கு வரவேண்டிய கொளஞ்சி பத்தே முக்காலுக்கு டெக்கோடு வந்தான். பெண் வீட்டார் அதுவரை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. படம் ஓட ஆரம்பித்ததும் ஏட்டு கந்தசாமி வாயைத் திறந்தார். "ஒம்போது மணின்னா இன்னா அர்த்தம் பாவாடை? உனக்கு வாட்ச் எதுக்கு, கைக்கு அழகா?" பாவாடை மைக்கைப் பிடுங்கினான். "டயர் பஞ்சருய்யா. பகண்டை கூட்ரோட்டுல இருந்து தள்ளிகினு வரேன். நீ வந்து ஒட்டிக் குடுத்தியா?" நான் விடவில்லை. அவனும் விடவில்லை. போன மாதத்துச் சண்டை, அதற்கு முந்தைய மாதத்துச் சண்டை எல்லாம் வந்தது. இருவருமே டிவியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா பொறுமையாக எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்:

"ஏம்பா, காரு எரியுது. மொதல்ல அதப் பாருங்க."

நிஜ ஏட்டு

அதே கல்யாணத்துக்குப் பந்தோபஸ்து பார்க்க வந்த நிஜ ஏட்டு ஒருவர் சாக்கை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். போகும்போது கொளஞ்சியிடம் வருத்தத்தோடு சொன்னார்:

"இத்தினி தபா சுட்டானுங்க, ஒருத்தன் கூட உக்காந்து ரிப்போர்ட் எழுதலியே."

புளியமரம்

கள்ளக்குறிச்சி ரோட்டில் ஒருநாள் காலை புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள்தான். என் தம்பியும் அப்படித்தான் எங்கோ ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான், மார்க் இருந்தும் காலேஜில் இடம் கிடைக்காதவன். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நாங்கள் மொபெட்டை நிறுத்தினோம். நான் ஊர் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன். முகங்கள் இளகின. "கூட இருக்கறது யாரு?" என்று கேட்டார்கள். நான் டிவி கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கொளஞ்சியே சொன்னான். "காலனிங்க. டெக் என்னுது, டிவி அவருது. கச்சிராயபாளையத்துல விசேஷம், போவணும்."

அவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான்கு பேர் வந்து டிவியைத் தூக்கினார்கள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி பதமாகத்தான் தூக்கினார்கள். நான் "பாத்து, பாத்து" என்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு முன்னால் போனேன். இரண்டு பேர் மொபெட்டையும் தாண்டவைத்தார்கள். டெக்கும் மைக் செட்டும் ஸ்பீக்கரும் கீழே அப்படியே இருந்தன. அவர்களில் பெரியவர் ஒருவர் குரல் உயர்த்தாமல் சொன்னார்:

"டிவிய நாங்க தூக்கறோம். அத அவரே தூக்கிகினு வரட்டும்."

மலையில் ஒரு கேள்வி

கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில் விசேஷம். வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஜெனரேட்டரைக் கழியில் கட்டி இரண்டு பேர் சுமக்க, டிவியை ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு நடக்க, நான் பின்னாலேயே கும்பிட்டுக்கொண்டு போனேன். இங்கே கொளஞ்சியின் டெக்கையும் யார் யாரோ கைமாற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சாமைச்சோறு போட்டார்கள். கொளஞ்சி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். நான் முதல் கவளத்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தேன். அவனோடு பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷம் ஒரே மொபெட்டில் சுற்றியிருந்தோம்.

ஏட்டும் பாவாடையும் திட்டிக்கொள்ளும் இடமெல்லாம் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்குக் கதையில் சந்தேகமே வரவில்லை. இப்படி வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு, ஆபத்து என்றால் ஓடிவருகிறார்கள் என்றால் இருவரும் மாமன் மச்சான்தான் என்று தீர்மானித்துவிட்டார்கள். படம் முடிந்து ஒயரைச் சுற்றும்போது நாங்கள் இருவரும் வழக்கம்போலக் கத்திக்கொண்டோம். வீட்டுக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். கொளஞ்சி சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது இதுதான்:

"நீங்களும் மாமன் மச்சான் போல. யாரு வூட்டுப் பொண்ண யாரு கட்டியிருக்கீங்க?"

அக்கா வீட்டுக் காதுகுத்து

என் அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருந்தோம். அவள் மகளுக்குக் காதுகுத்து. டிவி தம்பியுடையது என்பதில் அவளுக்குப் பெருமை, தெருவையே அழைத்திருந்தாள். பெரியப்பா காலையிலேயே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். மற்ற ஊர்களில் எங்களை டெக்குக்காரர்கள் என்று மட்டும்தான் தெரியும். இங்கே யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும். மொபெட் ரோட்டுக்கு ஏறியதும் என்னை "வாடா" என்கிற கொளஞ்சி, வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தால் "வாங்க" என்பான். அதையும் எல்லாரும் அறிவார்கள்.

"அவன் வரட்டும், வாசல்ல உக்காந்து பேசட்டும், வேணாம்னு சொல்லல" என்றார் பெரியப்பா. "நீ அவனத் திட்டு. அவன் உன்னத் திட்டக் கூடாது. மைக்குல தெருவே கேட்டுகினு இருக்கும்." நான் போர்வையை எடுத்து டிவியை மூடினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொளஞ்சி என் கையைப் பிடித்து, "உங்க அக்கா அழுவுது பாருங்க. நான் மரியாதையாவே பேசிடறேன். ஒரு நாள்தான" என்றான். அவன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் டிவி மேல் மூடிய போர்வையை விலக்கினேன்.

படத்தில் ஒரு இடம். எதிரிகளிடம் பாவாடையைத் தனியாக விட்டுவிட்டு ஏட்டு போய்விடுவார். தப்பித்து வரும் பாவாடை நாற்காலியை உதைத்து, ஏட்டின் சட்டையைப் பிடித்து உலுக்குவான். எல்லா ஊரிலும் ஜனங்கள் காத்திருந்து கேட்கிற இடம் அது. கொளஞ்சி மைக்கை வாயருகே கொண்டுபோனான். "ஏட்டய்யா, நீங்க செஞ்சது கொஞ்சம் சரியில்லீங்க" என்றான். டிவியில் நாற்காலி பறந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மைக்கைப் பிடுங்கினேன். "இன்னாடா பாவாடை, உடம்பு சரியில்லியா? நேத்து வரைக்கும் நல்லாத்தான திட்டின? திட்டுடா" என்றேன். அவன் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். "நீ திட்டலன்னா எனக்கு இந்த வேலையே வேணாம். டிவிய ஆப் பண்ணிட்டுப் போறேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அதை அவன் கையில் திணித்தேன்.

அவன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்புறம் திட்டு வந்தது. "ஒம்போது மணி, ஒம்போது மணின்னு உசுர வாங்குவியே, மணி பாக்கத் தெரியுது, மனுசனப் பாக்கத் தெரியுதாடா உனக்கு? மரத்தாண்ட உட்டுட்டு முன்னால போனியே. டெக்கு ஒரு நடை, மைக் செட்டு ஒரு நடை, ஸ்பீக்கரு ஒரு நடைன்னு மூணு நடை நடந்தேன். ஒரு தபா திரும்பிப் பாத்தியாடா?" படத்தில் மரமே கிடையாது. தெருவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மற்றவர்கள் சொல்லித்தான் ஜோடி உடையும் என்று பயந்துகொண்டிருந்தவன், புளியமரத்தடியில் நானே அதைப் பாதி உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. டிவியில் ஏட்டு தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அந்த இடத்தில் அவருக்கு வசனம் இல்லை. நானும் மைக்கைக் கேட்கவில்லை.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் போனார்கள். மற்றவர்கள் இருந்து முழுப்படத்தையும் பார்த்தார்கள். திரும்பும்போது டெக்கை நான் தூக்கிக்கொண்டேன், டிவியை அவன் தூக்கினான், தெருமுனை வரைக்கும் அப்படியே நடந்தோம். அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஒரு விசேஷத்துக்கும் எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் மற்ற ஊர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம், பாவாடை எங்கேயும் மரியாதையாகப் பேசவில்லை. அன்று சாயங்காலம் நான் புளியமரத்துச் சங்கதியைச் சொல்ல, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

"உன் கூட்டாளி அவரு கேட்டது நாயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா காலையில இந்தத் தெருக் கொழாயடிக்கு நான்தான போவணும்."

சண்டை போட்டு ஒன்று சேர்கிற வேலையைப் படத்தில் அந்த இரண்டு போலீஸ்காரர்களும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள், நானும் கொளஞ்சியும் ஒன்பது வருஷம் சுற்றியும் எங்களுக்குப் பாதிதான் முடிந்தது.